கரு தங்கவில்லையா? ரத்தத்தையும் பாருங்கள்: ஏபிஎஸ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்குப் பிறந்த ஊர் கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கம், வாழ்க்கைப்பட்டது திருப்பூர். முதல் கரு 11ஆவது வாரத்தில் போனது. இரண்டாவது பிள்ளைக்கு 22ஆவது வாரத்தில் வயிற்றுக்குள்ளேயே துடிப்பு நின்றது. அதற்கப்புறம்தான் என் ரத்தத்தில் ஏபிஎஸ் இருப்பது தெரிந்தது. மூன்றாவதாகப் பிறந்த பையன் இப்போது ஒன்றாம் வகுப்பு படிக்கிறான். இதே நோய் உள்ள பெண்கள் ஒருவர் சொல்லி ஒருவராக என்னிடம் பேசுகிறார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு, நான் பட்டும் படித்தும் என் டாக்டர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டதை எழுதியிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. உங்களுக்கு எந்த மருந்து, எவ்வளவு என்பதை உங்கள் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஏபிஎஸ் என்றால் என்ன?

முழுப்பெயர் ஆன்டிபாஸ்போலிப்பிட் சின்ட்ரோம். 1983இல் லண்டனில் கிரஹாம் ஹியூஸ் என்ற மருத்துவர் இதைத் தனி நோயாக விவரித்தார். அதனால் ஹியூஸ் சின்ட்ரோம் என்றும் சொல்வார்கள். கிருமியை எதிர்க்க வேண்டிய நம் உடம்பின் காவல், நம் உடம்பையே எதிரியாக நினைத்துச் சில எதிர்ப்பொருள்களை உண்டாக்கிவிடுகிறது. அவை ரத்தத்தை வேண்டாத இடத்தில் உறைய வைக்கும். காலில் உறைந்தால் கால் வீங்கும், நுரையீரலுக்குப் போனால் மூச்சு முட்டும், மூளையில் உறைந்தால் பக்கவாதம். கர்ப்பத்தில் அடி விழுவது நஞ்சுக்கொடிக்கு. ரத்தம் உறைவதால் மட்டும் அது கெடுவதில்லை. நஞ்சுக்கொடி கருப்பையில் வேர் பிடிக்கிற காலத்திலேயே இந்த எதிர்ப்பொருள்கள் அதன் செல்களைத் தாக்கி, அழற்சியை உண்டாக்குகின்றன. வேர் சரியாக இறங்காத நாற்று மாதிரிதான். மேலே பார்க்கப் பச்சையாக இருக்கும், ஆனால் தண்ணீர் போதாது.

ஒரு அபார்ஷன் ஆச்சுங்க அக்கா. எனக்கும் இதுவாக இருக்குமா?

பெரும்பாலும் இருக்காது. ஆரம்ப வாரங்களில் ஒரு கரு கலைவது ரொம்பச் சாதாரணம். பாதிக்கு மேற்பட்ட நேரம் அந்தக் கருவின் குரோமோசோம்களில் உள்ள கோளாறுதான் காரணம். அதற்காக ஓடிப்போய் எல்லா டெஸ்ட்டும் எடுக்க வேண்டியதில்லை.

டாக்டர்கள் சந்தேகப்பட வேண்டிய நிலைமைகள் வேறு. 10 வாரம் தாண்டி, உருவத்தில் குறையில்லாத குழந்தை ஒன்று இறந்திருந்தால், ஒரே தடவை என்றாலும் பார்க்க வேண்டும். 10 வாரத்துக்குள் தொடர்ந்து மூன்று முறை கலைந்திருந்தால் பார்க்க வேண்டும். பிபி கடுமையாக ஏறியோ நஞ்சுக்கொடி வேலை செய்யாமலோ 34 வாரத்துக்கு முன்பே குழந்தையை எடுக்க வேண்டி வந்திருந்தாலும் பார்க்க வேண்டும். 2006இல் வகுத்த அளவுகோல் இது. உடம்பின் காவலே தோல், மூட்டு, சிறுநீரகம் என்று தாக்குகிற லூப்பஸ் நோய் இருப்பவர்களும், சின்ன வயதில் காலிலோ மூளையிலோ ரத்தம் உறைந்தவர்களும் கர்ப்பத்துக்கு முன்பே எடுத்துவிடுவது நல்லது.

என் முதல் இழப்பு 11ஆவது வாரம். அன்று பார்த்த தனியார் மருத்துவமனையில், "சின்ன வயசுதானே, அடுத்தது நிக்கும்" என்று சொல்லி அனுப்பினார்கள். டெஸ்ட் என்ற பேச்சே வரவில்லை. எனக்கும் கேட்கத் தெரியவில்லை. இப்போது என்னிடம் பேசுகிற ஒவ்வொரு பெண்ணிடமும் நான் முதலில் கேட்பது, "எத்தனையாவது வாரம்? ஸ்கேன் ரிப்போர்ட்டில் என்ன எழுதியிருக்கிறது?" என்றுதான். அந்தக் காகிதங்களைத் தூக்கிப் போடாதீர்கள் கண்ணு. பார்த்தால் மனது தாங்காதென்று நினைத்தால் அம்மாவிடம் கொடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

என்ன டெஸ்ட் எடுக்கிறார்கள்? ஏன் இரண்டு தடவை?

மூன்று ரத்தப் பரிசோதனைகள். லூப்பஸ் ஆன்டிகோயாகுலன்ட், ஆன்டிகார்டியோலிப்பின், பீட்டா 2 கிளைகோபுரோட்டீன். லேப்களில் இதை ஏபிஎல்ஏ என்று சொல்வார்கள். ஏபிஎல்ஏ என்று மட்டும் கேட்டால் சில இடங்களில் மூன்றையும் எடுப்பதில்லை. டாக்டர் சீட்டில் மூன்று பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள்.

பாசிட்டிவ் வந்தால் குறைந்தது 12 வாரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். காய்ச்சலோ வேறு தொற்றோ வந்து போன பிறகு இந்த எதிர்ப்பொருள்கள் கொஞ்ச நாள் தலைகாட்டிவிட்டு மறைவதுண்டு. 12 வாரம் கழித்தும் இருந்தால்தான் ஏபிஎஸ். இந்த இடைவெளியில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். முதல் ரிப்போர்ட்டோடு பயந்து போய், இரண்டாவதை எடுக்காமலே வருடக்கணக்கில் மாத்திரை போடுகிறவர்களும் உண்டு. "வந்தால் வரட்டும்" என்று அப்படியே விட்டு மறுபடி கர்ப்பமானவர்களும் உண்டு. தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். இதற்குள் கர்ப்பமாகிவிட்டால் 12 வாரம் ஆகட்டும் என்று காத்திருக்க வேண்டாம், உடனே டாக்டரிடம் போங்கள். பழைய விவரங்களை வைத்து அவர் முடிவெடுப்பார்.

லூப்பஸ் ஆன்டிகோயாகுலன்ட் டெஸ்ட்டுக்கு ரத்தத்தை நீல மூடிக் குழாயில் எடுத்து, சீக்கிரமே சுழற்றிப் பிரித்துவிட வேண்டும். ரத்தத்தை மட்டும் எடுத்து வேறு ஊருக்கு பஸ்ஸில் அனுப்புகிற இடமாக இருந்தால், அங்கேயே பிரித்து அனுப்புவார்களா என்று கேளுங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கிற ஹெப்பாரின் ஊசியைப் போட ஆரம்பித்த பின் எடுத்தால் முடிவு குழம்பும் என்பதால், அதற்கு முன்பே எடுப்பது மேல்.

ரிப்போர்ட்டில் ரத்தம் உறைய நேரமாகிறது என்று இருக்கிறதே! அப்புறம் எப்படி உறையும் நோய்?

இந்த நோயின் புதிரே இதுதான். குழாய்க்குள் இந்த எதிர்ப்பொருள் பரிசோதனையைத் தடுமாற வைக்கிறது. அதனால் உறையும் நேரம் நீண்டு தெரியும். உடம்புக்குள் நேர்மாறாக உறைய வைக்கிறது. பெயரில் லூப்பஸ் என்று இருப்பதால் உங்களுக்கு லூப்பஸ் நோய் என்றும் அர்த்தமில்லை. ஏபிஎஸ் உள்ள பலருக்கு லூப்பஸ் கிடையாது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் விடிஆர்எல் பாசிட்டிவ் என்றார்கள். வீட்டில் பெரிய பிரச்சினையாகிவிட்டது.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். விடிஆர்எல் என்பது கர்ப்பிணிகளுக்கெல்லாம் எடுக்கிற சிபிலிஸ், அதாவது மேகநோய்ப் பரிசோதனை. அதில் பயன்படுத்துகிற பொருள்களில் ஒன்று கார்டியோலிப்பின். ஏபிஎஸ் உள்ளவர்களின் ரத்தத்தில் இருப்பதும் கார்டியோலிப்பினுக்கு எதிரான பொருள்தான். ஆகவே எந்தப் பால்வினை நோயும் இல்லாத பெண்ணுக்கு விடிஆர்எல் பாசிட்டிவ் காட்டலாம். இது புத்தகங்களில் எழுதியிருக்கிற, டாக்டர்களுக்குத் தெரிந்த விஷயம். டிபிஎச்ஏ என்ற இன்னொரு டெஸ்ட் எடுத்தால் உண்மை தெரிந்துவிடும்.

தாராபுரம் பக்கத்துப் பெண் ஒருத்தி இந்த ஒரு காகிதத்தால் நான்கு மாதம் அம்மா வீட்டில் உட்கார்ந்திருந்தாள். டிபிஎச்ஏ நெகட்டிவ் வந்தது, ஏபிஎல்ஏ பாசிட்டிவ் வந்தது. அவள் வீட்டுக்காரரை உட்கார வைத்து டாக்டரே விளக்கினார். புருசன் பொண்டாட்டி இரண்டு பேரும் சேர்ந்து போய்க் கேட்க வேண்டிய விஷயம் இது. ஒருவர் கேட்டு வந்து இன்னொருவருக்குச் சொன்னால் சரியாக வராது.

சொந்தத்தில், மாமன் மகனையே கட்டினேன். அதனால் வந்ததா?

இல்லை. சொந்தத்தில் கட்டுவதால் சில பரம்பரை நோய்கள் கூடும் என்பது உண்மை. ஏபிஎஸ் அந்த வகையில் சேராது. ஆண் பக்கத்திலிருந்து வருவதும் இல்லை. பப்பாளி சாப்பிட்டதாலோ, ஸ்கூட்டி ஓட்டியதாலோ, தறி ஓட்டியதாலோ வருவதும் இல்லை. என்னை "ராசியில்லாதவ" என்று ஒரு உறவுக்காரம்மா சொன்னதை நான் இரண்டு வருடம் நம்பினேன். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிய அன்று எனக்கு வருத்தத்தைவிட ஆறுதல்தான் அதிகம். அதற்கு ஒரு பெயர் இருந்தது, அந்தப் பெயர் என்னுடையது இல்லை.

கர்ப்பத்தில் என்னென்ன ஆபத்து வரலாம்?

கரு கலைவது, வயிற்றிலேயே குழந்தை இறப்பது, பிபி ஏறி, வலிப்பு வரைக்கும் போகக்கூடிய முன்சூல்வலிப்பு (ப்ரீஎக்லாம்ப்சியா) நிலைக்குப் போவது, குழந்தை வளராமல் நிற்பது, குறைமாதப் பிரசவம். இவை நஞ்சுக்கொடி சம்பந்தப்பட்டவை. தாய்க்குக் காலிலோ நுரையீரலிலோ மூளையிலோ ரத்தம் உறையலாம். ரத்தத்தில் உள்ள தட்டணுக்கள் (பிளேட்லெட்) குறையலாம். மிக அரிதாக, நூற்றில் ஒருவருக்கும் குறைவாக, ஒரே நேரத்தில் பல உறுப்புகளில் ரத்தம் உறைந்து உயிருக்கே ஆபத்தாகும். தொற்று, ஆபரேஷன், மருந்தைத் திடீரென்று நிறுத்துவது ஆகியவை அதைத் தூண்டலாம்.

எல்லோருக்கும் ஒரே அளவு ஆபத்து இல்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த ஒரு பெரிய ஆய்வின் முடிவு 2012இல் வந்தது. லூப்பஸ் ஆன்டிகோயாகுலன்ட் இருந்தவர்களில் 100க்கு 39 பேருக்கு 12 வாரத்துக்குப் பின் கர்ப்பத்தில் பெரிய சிக்கல் வந்தது. மற்ற எதிர்ப்பொருள்கள் இருந்து, லூப்பஸ் ஆன்டிகோயாகுலன்ட் இல்லாதவர்களில் 3 பேருக்குத்தான் வந்தது. ஆகவே "எனக்கு ஏபிஎல்ஏ பாசிட்டிவ்" என்று மட்டும் சொன்னால் பாதிக் கதைதான். மூன்றில் எது பாசிட்டிவ், அளவு எவ்வளவு, மூன்றுமேவா என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். மூன்றும் பாசிட்டிவ் உள்ளவர்கள், முன்பே ரத்தம் உறைந்தவர்கள், லூப்பஸ் உள்ளவர்கள் ஆகியோருக்குக் கூடுதல் கவனம் வேண்டும்.

உண்மையைச் சொல்லுங்கள் அக்கா, குழந்தை பிறக்குமா?

பிறக்கும் வாய்ப்புத்தான் அதிகம். சரியான மருந்தோடு பார்த்தால் நூற்றுக்கு 70 முதல் 80 பேர் உயிருள்ள குழந்தையோடு வீட்டுக்கு வருகிறார்கள். 1997இல் லண்டனில் 90 பெண்களை வைத்து நடந்த ஆய்வில், ஆஸ்பிரின் மட்டும் சாப்பிட்டவர்களில் 42 சதவீதம் பேருக்கும், ஆஸ்பிரினோடு ஹெப்பாரின் ஊசியும் போட்டவர்களில் 71 சதவீதம் பேருக்கும் குழந்தை பிறந்தது. 2002இல் வந்த இன்னொரு ஆய்வில் இந்த வித்தியாசம் இவ்வளவு பெரிதாக இல்லை. அதில் ஆஸ்பிரின் மட்டும் எடுத்தவர்களுக்கே 72 சதவீதம், ஊசியோடு 78 சதவீதம். இப்படிக் கணக்குகள் மாறினாலும், முன்பு இழந்தவர்களுக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதுதான் இன்று வழக்கம்.

மீதி 20, 30 பேரைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. எல்லாம் சரியாகச் செய்தும் இழந்தவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் எங்கேயும் தவறவில்லை.

என்ன மருந்து கொடுப்பார்கள்?

எதிர்ப்பொருள் மட்டும் இருந்து, இதுவரை எந்தக் கெடுதலும் நடக்காதவர்களுக்குப் பெரும்பாலும் சின்ன அளவு ஆஸ்பிரின், 75 முதல் 100 மில்லிகிராம். சில டாக்டர்கள் 150 வரை கொடுப்பார்கள். எகோஸ்பிரின் 75 என்று கேட்டிருப்பீர்கள், அதுதான். கர்ப்பத்தில் இழப்பு நடந்தவர்களுக்கு ஆஸ்பிரினோடு தினமும் தடுப்பு அளவில் ஹெப்பாரின் ஊசி. பலருக்கு ஈனாக்ஸாபரின் என்ற ஹெப்பாரின் வகை 40 மில்லிகிராம், உடல் எடையைப் பொறுத்து மாறும். முன்பே காலிலோ மூளையிலோ ரத்தம் உறைந்தவர்களுக்கு ஆஸ்பிரினும், எடைக்கேற்ற முழு அளவு ஹெப்பாரினும். லூப்பஸ் இருந்தால் ஹைட்ராக்ஸிகுளோரோகுயினைத் தொடர்வார்கள். அது கர்ப்பத்துக்குப் பாதுகாப்பானது.

முன்பு ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். நன்மையைவிடக் குறைப்பிரசவமும் பிபியும் சர்க்கரையும்தான் கூடின. ஏபிஎஸ்ஸுக்கென்று மட்டும் இப்போது அதைக் கொடுப்பதில்லை.

ரத்தம் உறையாமல் இருக்க நான் ஏற்கெனவே வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறேன்.

இந்தக் கேள்வியைக் கர்ப்பமாவதற்கு முன் கேட்டீர்களே, அதுவே பெரிய நல்லது. வார்ஃபரின், அசிட்ரோம் இரண்டும் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகும். முக்கியமாக 6 முதல் 12 வாரத்துக்குள் மூக்கெலும்பும் மற்ற எலும்புகளும் கெடலாம். நாள் தள்ளிப்போன அன்றே சிறுநீர் டெஸ்ட் எடுத்து, டாக்டர் சொன்னபடி ஹெப்பாரினுக்கு மாற வேண்டும். மாறாமல் வெறுமனே மாத்திரையை நிறுத்துவது இன்னும் ஆபத்து. ரிவராக்ஸபான் மாதிரிப் புது மாத்திரைகளும் கர்ப்பத்தில் கூடாது. மூன்று டெஸ்ட்டும் பாசிட்டிவ் ஆனவர்களுக்குக் கர்ப்பம் இல்லாதபோதும் அது சரிவராது என்று 2018இல் வந்த ஆய்வு காட்டியது.

சமீபத்தில் ரத்தம் உறைந்தோ பக்கவாதம் வந்தோ இருந்தால் குறைந்தது 6 மாதம் பொறுக்கச் சொல்வார்கள். லூப்பஸும் 6 மாதம் அடங்கியிருக்க வேண்டும்.

தினமும் ஊசியா? எப்படிக்கா தாங்கினீங்க?

6ஆவது வாரத்தில் ஆரம்பித்து 35ஆவது வாரம் வரை, பிரசவத்துக்கு அப்புறம் இன்னொரு 6 வாரம். கிட்டத்தட்ட 245 ஊசி. முதல் ஊசிக்கு அரை மணி நேரம் கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். பத்தாவது ஊசிக்குச் சோற்றை வடித்துவிட்டு வந்து போட்டுக்கொண்டேன்.

போடுவது வயிற்றுத் தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பில். தொப்புளிலிருந்து மூன்று விரல் தள்ளி, ஒருநாள் இடது, ஒருநாள் வலது. தோலை மடித்துப் பிடித்து, ஊசியை நேராக இறக்கி, மெதுவாக மருந்தை அழுத்தி, ஊசியை எடுத்த பிறகு மடிப்பை விட வேண்டும். தேய்க்கக் கூடாது, தேய்த்தால் கன்னிப்போய் நீலம் பாயும். ஊசிக்குள் தெரிகிற காற்றுக்குமிழை வெளியேற்ற வேண்டாம், அது இருக்கும்படிதான் செய்திருக்கிறார்கள். பயப்படாதீர்கள், அந்தச் சின்ன ஊசி குழந்தை வரைக்கும் போகாது. வயிறு இறுகிப் போன மாதங்களில் பக்கவாட்டிலோ தொடையிலோ போடச் சொல்லித் தருவார்கள்.

எந்தப் பக்கம் போட்டோம் என்று எனக்கு மறந்துவிடும். அதற்கு என் வீட்டுக்காரர் ஒரு வழி செய்தார். எங்கள் வீட்டுச் சுவரில் தினசரி கிழிக்கிற காலண்டர் தொங்கும். ராத்திரி ஒன்பது மணிக்கு ஊசி போட்டதும் அன்றைய தாளில் "இ" அல்லது "வ" என்று எழுதிவிட்டுத்தான் கிழிப்பார். கிழித்த தாள்களை ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார். ஒருநாள் தறி செட்டில் வேலை இழுத்து அவர் வர நேரமாக, என் அத்தை, அதாவது மாமியார், கண்ணாடியை மாட்டிக்கொண்டு தானே போட்டுவிட்டார். அதற்கப்புறம் அந்த வேலையை அவர் யாருக்கும் விடவில்லை.

மருந்தை வெயில் படாத குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். சித்திரை, வைகாசியில் ஈரோடு, கரூர்ப் பக்கம் வீட்டுக்குள்ளேயே கொதிக்கும். ஆனால் ஃப்ரீசரில் மட்டும் வைக்காதீர்கள். போட்டு முடித்த ஊசிகளைக் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து மருத்துவமனையில் கொடுத்துவிடுங்கள், குப்பையில் போட்டால் துப்புரவு செய்கிறவர்கள் கையில் குத்தும்.

ஊசி மருந்து குழந்தைக்குப் போகுமா?

போகாது. ஹெப்பாரின் பெரிய மூலக்கூறு, நஞ்சுக்கொடியைத் தாண்டாது. உங்களுக்குத்தான் கொஞ்சம் கவனம் வேண்டும். ஆரம்பத்தில் தட்டணு எண்ணிக்கை பார்ப்பார்கள், எலும்புக்குக் கால்சியமும் வைட்டமின் டியும் கொடுப்பார்கள். இது பன்றிக்குடலிலிருந்து எடுக்கப்படுகிற மருந்து. சைவக்காரர்கள் சிலர் அதைக் கேட்டுத் தயங்குவார்கள். தயக்கம் இருந்தால் டாக்டரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள், போட்டதாகச் சொல்லிவிட்டுப் போடாமல் இருக்காதீர்கள்.

முருங்கைக்கீரை, பூண்டு, நாட்டு மருந்து?

ஹெப்பாரின் போடும்போது கீரைக்குத் தடையில்லை, தாராளமாகச் சாப்பிடுங்கள். வார்ஃபரின் சாப்பிடும் காலத்தில் கீரையைத் தினமும் ஒரே அளவாக வைத்துக்கொள்ள வேண்டும். பூண்டும் இஞ்சியும் சமையலுக்கு நல்லது, ஊசிக்குப் பதில் ஆகாது. என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று தெரியாத சூரணம், லேகியம் வேண்டாம். தலைவலிக்குக் கடையில் மாத்திரை வாங்குவதும் வேண்டாம்.

பனியன் கம்பெனியில் தைக்கிறேன். வேலைக்குப் போகலாமா?

டாக்டர் தடுக்காவிட்டால் போகலாம். ஆனால் பீஸ் ரேட்டுக்காக எட்டு மணி நேரம் எழுந்திருக்காமல் மிஷினில் உட்கார்ந்தால் காலில் ரத்தம் தேங்கும். மணிக்கு ஒருதரம் எழுந்து நடங்கள். பாத்ரூம் போக வேண்டும் என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பது நம் பெண்கள் எல்லோருக்கும் உள்ள பழக்கம். இந்த நோய்க்கு அது விரோதி. சூப்பர்வைசரிடம் சொல்லத் தயங்கினால் டாக்டர் சீட்டைக் காட்டுங்கள். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பதை அந்த வருடம் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்ளட்டும்.

எத்தனை ஸ்கேன்?

மற்றவர்களைவிட அதிகம். 20 முதல் 24 வாரத்துக்குள் கருப்பை ரத்த ஓட்டத்தை டாப்ளர் ஸ்கேனில் பார்ப்பார்கள். அதற்கப்புறம் நான்கு வாரத்துக்கு ஒருமுறையாவது வளர்ச்சி ஸ்கேன், சந்தேகம் இருந்தால் இன்னும் அடிக்கடி. பிபியையும் சிறுநீரில் புரதத்தையும் ஒவ்வொரு தடவையும் பார்க்க வேண்டும்.

ஏழாம் மாதம் கட்டுச்சோறு போட்டு அம்மா வீட்டுக்குக் கூட்டிப் போகிறார்கள். போகலாமா?

கட்டுச்சோறு போடட்டும், வளையல் போடட்டும். ஊர் மாறுவதுதான் யோசிக்க வேண்டியது. ஏபிஎஸ் உள்ளவர்களுக்கு பிபி ஏறுவதும் குழந்தை வளர்ச்சி நிற்பதும் பெரும்பாலும் கர்ப்பத்தின் பின்பாதியில். சரியாக அந்த நேரத்தில் டாக்டரை மாற்றி, ஃபைலை மாற்றி, ஊசி வாங்கும் கடையை மாற்றி, நம் கேஸ் தெரியாத ஒருவரிடம் போய் நிற்கிறோம். என்னோடு பேசிய இரண்டு பேருக்கு இந்த மாற்றத்தில்தான் ஊசி விட்டுப்போனது. ஒருத்திக்குப் புது இடத்தில், "இதெல்லாம் எதுக்கு?" என்று நிறுத்தியே விட்டார்கள்.

நான் போகவில்லை. கட்டுச்சோறு சாப்பிட்டுவிட்டு அம்மாதான் திருப்பூருக்கு என்னோடு வந்தார். ஊரில் பேசினார்கள், பேசட்டும் என்று விட்டோம். போயே ஆக வேண்டுமென்றால் 20 வாரத்துக்குள்ளேயே அந்த ஊர் டாக்டரை ஒருமுறை பார்த்து ஃபைலைக் காட்டி, அங்கே ஊசியும் ஸ்கேனும் கிடைக்குமா, குறைமாதக் குழந்தையை வைத்துப் பார்க்க வசதி உண்டா என்று கேட்டு வந்துவிடுங்கள். கோவை, திருப்பூர், நாமக்கல், கரூரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் உண்டு, ஈரோடு மாவட்டத்துக்குப் பெருந்துறையில் இருக்கிறது. தாளவாடிக்காரர்கள் திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும், வால்பாறைக்காரர்கள் ஆழியாறு மலைப்பாதையின் 40 வளைவுகளையும் இறங்கித்தான் வர வேண்டும். அங்கே அம்மா வீடு உள்ளவர்கள் கடைசி மாதங்களில் கீழே தங்குவதே மேல்.

எப்போது உடனே ஓட வேண்டும்?

விடாத தலைவலி, கண் மங்கல், வலது விலாவுக்குக் கீழ் வலி, திடீரென்று முகம் வீங்குதல். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தல், கர்ப்பத்தில் பெரும்பாலும் இடது கால். மூச்சு வாங்குதல், நெஞ்சுவலி. வாய் கோணுதல், கை மரத்தல், பேச்சுக் குழறல். ரத்தப்போக்கு. குழந்தை அசைவு குறைதல். காலையில் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். 108ஐக் கூப்பிட்டு, ஏபிஎஸ் என்பதையும் கடைசி ஊசி எத்தனை மணிக்குப் போட்டது என்பதையும் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

சுகப்பிரசவம் ஆகுமா?

ஆகும். ஏபிஎஸ் என்பதற்காக மட்டும் சிசேரியன் செய்ய வேண்டியதில்லை. ஆனால் பலருக்குத் தேதி குறித்துத்தான் பிரசவம் பார்ப்பார்கள், ஊசியை நிறுத்தக் கணக்கு வேண்டும் என்பதால். முதுகில் மயக்க ஊசி போட, தடுப்பு அளவு ஹெப்பாரின் போட்டு 12 மணி நேரமும், முழு அளவு என்றால் 24 மணி நேரமும் ஆகியிருக்க வேண்டும். வீட்டில் வலி ஆரம்பித்தால் அடுத்த ஊசியைப் போடாமல் நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

எனக்கு 35ஆவது வாரத்தில் பிபி 160ஐத் தாண்டியது, அன்று ராத்திரியே எடுத்தார்கள். பையன் ஒரு கிலோ தொள்ளாயிரம். ஒன்பது நாள் பெட்டியில் இருந்தான். கண்ணாடி வழியாக அவன் கால் பெருவிரலில் கட்டிய சீட்டில் என் பெயரை மட்டும் படித்துக்கொண்டு நின்றேன்.

பிள்ளை பிறந்ததும் ஊசியை நிறுத்திவிடலாம் அல்லவா?

கூடாது. பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களில்தான் தாய்க்கு ரத்தம் உறையும் ஆபத்து மிக அதிகம். ரத்தப்போக்கு அடங்கியதும் மறுபடி ஆரம்பித்து, பெரும்பாலும் 6 வாரம், சிலருக்கு 12 வாரம் வரை தொடர்வார்கள். முன்பே ரத்தம் உறைந்தவர்கள் மறுபடி வார்ஃபரினுக்கு மாறுவார்கள். குழந்தை வந்துவிட்ட சந்தோஷத்தில் எல்லோரும் தொட்டிலைத்தான் பார்ப்பார்கள், தாயை யாரும் பார்ப்பதில்லை. கையில் இருக்கிற ஊசி தீர்ந்ததும் அப்படியே நின்றுவிடும்.

இன்னொன்று, நம் பக்கத்துப் பத்தியம். "பிள்ளை பெத்தவ தண்ணி குடிச்சா வயிறு பெருத்துரும்" என்று என் அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, டம்ளரைப் பிடுங்கி வைத்தார். பாசம்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் தண்ணீர் குறைந்தால் ரத்தம் கெட்டிப்படும். பிரசவித்த பெண்களுக்கு மூளையின் ரத்தநாளத்தில் உறைவது நம் நாட்டில் டாக்டர்கள் நன்றாக அறிந்த ஆபத்து. பத்து நாளாகத் தலைவலி, அப்புறம் ஒரு வலிப்பு என்று வருவார்கள். அதைப் "பேய் பிடிச்சிருக்கு, ஜன்னி" என்று வீட்டில் வைத்திருக்கக் கூடாது. பூண்டுக் குழம்பு, கருவாட்டுக் குழம்பு எல்லாம் போடட்டும், கூடவே தண்ணீரும் வேண்டும். எழுந்து நடக்கவும் வேண்டும். என் அம்மாயியை வார்டு நர்ஸ்தான் சரிக்கட்டினார். "ஆத்தா, தண்ணி குடிச்சாத்தான் பாலு வரும்" என்றார். அதற்கப்புறம் சீரக வெந்நீர் மணிக்கொரு டம்ளர் வந்தது.

பால் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். ஹெப்பாரின், வார்ஃபரின், சின்ன அளவு ஆஸ்பிரின் எதுவும் தடையில்லை. ரிவராக்ஸபான் கூடாது.

குழந்தைக்கும் இந்த நோய் வருமா?

தாயின் எதிர்ப்பொருள்கள் கொஞ்சம் குழந்தை ரத்தத்தில் இருந்துவிட்டுச் சில மாதங்களில் மறைந்துவிடும். குழந்தைக்கு ரத்தம் உறைவது அபூர்வம். இந்தக் குழந்தைகளுக்கு வருகிற சிரமங்கள் பெரும்பாலும் குறைமாதத்தில் பிறந்ததால் வருபவை.

இடைவெளிக்கு என்ன செய்யலாம்?

ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை உங்களுக்கு ஆகாது. அரசு கொடுக்கிற மாலா என் மாத்திரையிலும் அது உண்டு. காப்பர் டி போட்டுக்கொள்ளலாம். கிராம சுகாதார செவிலியரிடம் உங்களுக்கு ஏபிஎஸ் என்று சொல்லி வையுங்கள்.

செலவு தாங்குமா?

ஊசிச் செலவு பெரிய பாரம்தான். அரசு மருத்துவமனையில் பதிவு செய்து, கிடைக்குமா என்று முதலிலேயே கேளுங்கள். கர்ப்பத்தைப் பதிவு செய்து பிக்மி எண் வாங்கிவிட்டால் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் மகப்பேறு உதவிக்கு விண்ணப்பிக்கலாம். குறைமாதக் குழந்தையின் சிகிச்சைக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை உதவுமா என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள். எங்களுக்கு ஒரு பவுன் தோடு போனது. பணம் முடையான மாதத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் போடலாமா என்று நினைத்ததுண்டு. அதைச் செய்யாதீர்கள், டாக்டரிடம் பணம் இல்லை என்றே சொல்லுங்கள். என் டாக்டரிடம் சொன்னபோது வேறு கம்பெனி ஊசியை எழுதிக் கொடுத்தார்.

இறந்த குழந்தையைப் பற்றி வீட்டில் யாரும் பேச விடுவதில்லை. நான் பேசலாமா?

பேசுங்கள். என் 22 வார மகளை எங்கள் தோட்டத்து வரப்பில், வேப்பமரத்துக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தோம். நான் அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தேன், பார்க்கவில்லை. "பார்க்க வேண்டாம்" என்றார்கள். ரொம்ப நாள் அந்தப் பக்கமே போகாமல் இருந்தேன். பையனுக்கு மூன்று வயதானபோது அத்தைதான் என்னைக் கூட்டிப்போய் இடத்தைக் காட்டினார். அவர் அத்தனை வருடமும் தை அமாவாசைக்கு அங்கே ஒரு விளக்கு வைத்துக்கொண்டிருந்தார், என்னிடம் சொல்லவில்லை. இப்போது மூன்று பேரும் போகிறோம். காற்று அடித்தால் விளக்கு நிற்காது என்று பையன் இரண்டு கையையும் குவித்துப் பிடித்துக்கொள்வான்.